கொலுவில் நானூற்று முப்பது தோட்டாக்கள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விஷயத்தில் ஆர்வம் வந்துவிட்டால் அதை இரண்டாவது கேள்வியிலிருந்துதான் ஆராயத் தொடங்குவேன். முதல் கேள்வி பாவம், வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். நான் அதைத் தாண்டி உள்ளே போய் அலமாரியெல்லாம் குடைந்துகொண்டிருப்பேன். பன்னிரண்டு வயதில் வீணைக்கு வெல்வெட் உறை ஒன்று தைத்தேன். ஓரத்தில் ஜரிகை எல்லாம் வைத்து, முடிச்சுப் போட்டு முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் வீணை கிடையாது என்பது உறைத்தது.

தோட்டா விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஆனால் வீணை உறைக்காக வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்து நாலு வயது. மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் பல குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோர் வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம் (அப்பா வடக்கே மாற்றலாகிப் போயிருந்தார்). நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது யாரோ கையில் ஒரு ரைஃபிளைக் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். நடுவில் பட்டது. மறுபடி சுட்டேன், மறுபடி நடுவில். அதுவரை நான் செய்த எந்தக் காரியமும் நடுவில் பட்டதில்லை என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, பிஸ்டல் பக்கம் போனேன்.

கிளப்பில் பிஸ்டல்கள் இரண்டு, சுடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். தோட்டாவோ ரேஷன். பாய்ண்ட் டுவென்டி டூ என்று சொல்லப்படும், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான தோட்டா. ஆளுக்கு மாதம் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஐம்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துவிடும். மாநில அணித் தேர்வு வரப்போகிறது. மாதம் ஐம்பது தோட்டாவில் தயாரானால் தேர்வு பார்க்கப் போகலாம், தேர்வாகப் போக முடியாது. ஒரே வழி, சொந்த லைசென்ஸ். அது கிடைத்தால் சொந்த பிஸ்டல், சொந்த ஒதுக்கீடு. மனுப் போட்டுவிட்டு, விசாரணைக்கு எப்போது ஆள் வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் கபாலியிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

காத்திருக்கும்போதுதான் லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை கிடைத்தது. அட்டையில் கைத்துப்பாக்கி. உள்ளே ஒரு நீண்ட கட்டுரை: சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை எடுத்து, புதிதாக மருந்தும் ஈயக் குண்டும் அடைத்து, வீட்டிலேயே மறுபடி தோட்டா தயாரிக்கலாமா, வேண்டாமா, தொடங்குவதென்றால் எப்படித் தொடங்குவது? ரீலோடிங் என்று பெயராம். அங்கே ஊறுகாய் போடுகிற மாதிரி வீட்டுக்கு வீடு செய்கிறார்கள்.

கட்டுரையின் முதல் தாள் மட்டும் இல்லை. பின்பக்கத்தில் ஏதோ நல்ல படம் இருந்திருக்க வேண்டும், யாரோ அழகாகக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். நான் கவலைப்படவில்லை. எந்தக் கட்டுரையிலும் முதல் பக்கத்தில் வணக்கம்தானே சொல்வார்கள்?

ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை நான் படித்த படிப்பைக் கல்லூரியில் படித்திருந்தால் டைப்பிஸ்டாக இருந்திருக்க மாட்டேன். ரீலோடிங் செய்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு உண்டு (என்று நினைத்தேன்). தனி மேஜை வேண்டும். தையல் மிஷின் மேஜை போதாதா? வேலை நடுவே யாரும் கூப்பிடக் கூடாது. சனிக்கிழமைகளில் ஆபீஸ் அரைநாள், அம்மா நாலு முதல் ஐந்து வரை கோயிலில் இருப்பாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி டிக் போட்டுக்கொண்டே போனேன். கட்டுரைக்காரர் தன் தோட்டா ஒவ்வொன்றையும் எடை போட்டு, பெயர் எழுதாத குறையாகக் குறித்துவைத்தார். அந்த மனிதரின் ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெடிமருந்து எங்கே கிடைக்கும், அதற்கு அரசாங்கம் சம்மதிக்குமா என்ற கேள்விகளும் நோட்டில் இருந்தன. எட்டும் ஒன்பதும். நான் அப்போது ஐந்தில் இருந்தேன். லைசென்ஸ் வரட்டும், மற்றதெல்லாம் அதன்பின் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

படங்களில் ஒரே ஒரு நெருடல். அவர்களுடைய தோட்டாக்களின் அடிப்பக்கத்தில், நடுவில், குட்டியாக ஒரு வட்டம் இருந்தது. என்னுடையதில் இல்லை. அமெரிக்காவில் அது ஃபேஷன் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். இதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

கிளப்பில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பன்னிரண்டு பேரில் நான் ஒருத்திதான் பெண். ஏற்கெனவே எனக்கு பிஸ்டலை எப்படிப் பிடிப்பது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள் (என்னைவிடக் குறைவாக மார்க் வாங்குகிறவர்கள்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள்). ஒருநாள் டப்பா நிறையச் சொந்தத் தோட்டாவோடு போய் இறங்கி அத்தனை வாயையும் அடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் ஞாயிறுதோறும் பயிற்சி முடிந்ததும், "நீங்க போங்க சார், நான் பெருக்கிடறேன்" என்று சொல்லி, கீழே கிடந்த காலிக் கூடுகளில் ஒரு பங்கை டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டு வந்தேன். எத்தனை பொறுப்பான பெண் என்று செயலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். நாலு மாதத்தில் நானூற்றுச் சொச்சம் சேர்ந்தது.

கூடுகள் புகை பிடித்துக் கறுத்திருந்தன. சுத்தம் செய்ய ஒரு இயந்திரம் வாங்கும்படி கட்டுரை சொன்னது. பித்தளையைத் தேய்ப்பதற்கு மயிலாப்பூர்க்காரிக்கு அமெரிக்கக்காரன் சொல்லித்தர வேண்டுமா? கைப்பிடி புளியைக் கரைத்து வாளியில் ஊற்றி ஊறப்போட்டேன். மறுநாள் அலசி, முறத்தில் பரப்பி, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தேன். ஒவ்வொன்றும் பொன்மணி போல மின்னியது. பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தபோது துணி உலர்த்த அம்மா மாடிக்கு வந்துவிட்டாள்.

"என்னடி இது? புளி குறையறதேன்னு பார்த்தேன்."

அம்மாவுக்கு நான் சுடப் போவது தெரியும், ஆனால் தோட்டாவைக் கண்ணால் பார்த்ததில்லை. நவராத்திரிக்கு ஒரு வாரம் இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கொலுவுக்கும்மா. ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்ட் குடுத்தா."

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கொலுப்படி கட்டும்போது நான் வீட்டில் இருந்தது கிடையாது. ஒரு செட்டியார் பொம்மையைத் துடைத்துக் கொடு என்றால் தலைவலிக்கும். அப்படிப்பட்டவள் கொலுவுக்காகப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். அம்மாவின் கண் கலங்கியே விட்டது. முறத்தை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போனாள். பத்து நாள்தானே, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். என் பங்குக்குப் பன்னிரண்டை மட்டும் ஒரு பல்பொடி டப்பாவில் ஒளித்துவைத்தேன்.

கொலு வைத்த அன்று பார்த்தால், படிகளுக்குக் கீழே அம்மா வழக்கமாக மணல் கொட்டிப் போடும் பார்க்கைச் சுற்றிப் பித்தளை வேலி. தெப்பக்குளத்துக்குப் படித்துறை, அதைச் சுற்றி இன்னொரு வேலி. ஒவ்வொரு கூட்டையும் வாய்ப்பக்கம் மணலில் செருகி, தட்டையான அடிப்பக்கம் மேலே தெரிய வரிசையாக நட்டிருந்தாள். நாலு மூலையில் மட்டும் நாலு கூட்டை நிமிர்த்தி, ஈர மண் போட்டுக் கடுகு தூவியிருந்தாள். மூன்றாம் நாள் அது முளைத்தும் விட்டது. தோட்டாவிலிருந்து கடுகுச் செடி முளைத்ததைப் பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

அந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை. ஆபீஸ் அரைநாள். கட்டுரையில் இருந்த அழுத்தும் கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழியில்லை என்பதால், படத்தைக் காட்டி உள்ளூரில் கடைசல் செய்துகொள்ளலாம் என்று ஈக்காட்டுத்தாங்கலுக்கு மொபெட்டில் போனேன். ஆபீஸ் தோழி சொல்லியனுப்பிய லேத் பட்டறை. தண்ணீர் பம்புக்கு உதிரி பாகம் செய்கிறவர், ஐம்பது வயது இருக்கும், ஏழுமலை என்று பெயர். நான் பத்திரிகையை விரித்து, பல்பொடி டப்பாவைத் திறந்து ஒரு கூட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னாமா இது, டிவி ஏரியல் மூடியா?"

"தோட்டாங்க. சுட்டது, காலி. இதுக்குள்ள மறுபடி குண்டு வெச்சு அழுத்தறதுக்கு ஒரு மிஷின் வேணும். இதோ படம்."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. கூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஷினை நிறுத்தினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது. என்னைப் போலவே ஆர்வமுள்ள மனிதர் என்று நினைத்தேன்.

"துப்பாக்கிக்குள்ளார இத்த எது அடிக்குது?"

"ஒரு ஊசி."

"எங்க அடிக்குது?"

"பின்னாடி."

"பின்னாடி எங்க? இதோ பாரு, ஓரத்துல நசுங்கிக் கீது. நடுவுல ஒண்ணுமே இல்ல. அப்போ பத்திக்கிற மருந்து இந்த ஓரத்து மடிப்புக்குள்ளதானே இருந்திருக்கும்?" இப்போதுதான் பத்திரிகையை எடுத்தார். "உன் படத்துல பாரு, நடுவுல வட்டமா தனியா ஒரு பில்லை கீது. அத்தத் தட்டி எடுத்துட்டு புச்சு போட்டுக்கலாம். உன்னுதுல இன்னா கீது? மொழுமொழுன்னு கீது. இந்த மடிப்புக்குள்ள எப்டி மருந்து வெப்பே நீ? எரிஞ்ச தீக்குச்சிய மறுக்கா ஒரசுனா பத்துமா?"

நாலு மாதம், ஒரு நோட்டு, ஒரு வாளி புளித்தண்ணீர், எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. துப்பாக்கியை ஜென்மத்தில் தொட்டிராத ஒருவர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்த விஷயம். என் வகைத் தோட்டாவை மறுபடி நிரப்பவே முடியாது. அந்தக் கத்தரிக்கப்பட்ட முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

"எத்தினி சேத்து வெச்சிக்கிற?"

"நானூத்தி நாப்பது."

ஏழுமலை சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "பித்தள சுத்தமாக் கீது. எடைக்குப் போட்டுரு" என்றார் ரொம்ப மென்மையாக. கிளம்பும்போது டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றும் நேரம். கூடத்தில் ஆறேழு மாமிகள், ஒருத்தர் கல்யாணியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவே, கையில் சுண்டல் தொன்னையோடு, பார்க் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார் முரட்டு மீசை வைத்த ஒருவர். முழுக்கைச் சட்டை, கிராப்பு வெட்டு.

"வாடி, உனக்காகத்தான் காத்துண்டிருக்கார்" என்றாள் அம்மா. "லைசென்ஸ் விஷயமா விசாரிக்க வந்திருக்காராம், சப் இன்ஸ்பெக்டர். ரொம்ப ரசனை உள்ள மனுஷர். பத்து நிமிஷமா நம்மாத்து வேலியையேதான் பாத்துண்டிருக்கார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்க கொண்டாந்ததுன்னு அம்மா சொல்றாங்க."

"ஆமா சார்."

"அவ ஆபீஸ் சிநேகிதி குடுத்தது" என்று அம்மா சேர்த்துக்கொண்டாள். "மொத்தம் நானூத்தி முப்பது. நானே எண்ணி நட்டேன்."

"அப்படியா. அந்த சிநேகிதி பேரும் விலாசமும் சொல்லுங்க" என்று சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

கல்யாணி நின்றது. பாவம் அந்தத் தோழி, லேத் பட்டறைக்கு வழி சொன்னதைத் தவிர ஒரு பாவமும் அறியாதவள்.

"நாலு மாசமா கிளப்ல பொறுக்கினது சார்."

"எதுக்கு?"

பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "ரீலோட் பண்ணலாமான்னு பார்த்தேன்" என்றேன்.

அவர் சுண்டலைக் கீழே வைத்தார். லைசென்ஸ் இல்லாதவள், வீட்டில் நானூற்று முப்பது காலித் தோட்டா, அதில் மருந்து அடைக்கும் எண்ணம், கைப்பையில் அதற்கான கருவியின் படம். எனக்கே என்னைக் கைது செய்ய வேண்டும் போலிருந்தது. துப்பாக்கி சுடுகிற பெண்ணை யார் பண்ணிக்கொள்வார்கள் என்று வருஷக்கணக்கில் கவலைப்பட்ட மாமிகள், இனி கவலைப்படவே வேண்டியதில்லை என்பது போலப் பார்த்தார்கள். என் லைசென்ஸ் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் தெரிந்தது: நான் குற்றவாளி இல்லை, முட்டாள் என்று நிரூபிக்க வேண்டும்.

"சார், இதை ரீலோட் பண்ணவே முடியாது சார். ஓரத்தைப் பாருங்கோ." பல்பொடி டப்பாவைத் திறந்து ஒன்றை நீட்டினேன். ஏழுமலை சொன்னதை வரி விடாமல் சொன்னேன். எரிந்த தீக்குச்சியைக்கூட விடவில்லை.

அவர் திருப்பிப் பார்த்தார். "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"இன்னிக்கு மத்தியானம்."

"நாலு மாசமா சேத்திருக்கீங்க."

"ஆமா சார்."

"யார் சொன்னது?"

"ஈக்காட்டுத்தாங்கல்ல ஒருத்தர்."

"துப்பாக்கி சுடறவரா?"

"இல்ல சார். பம்பு பண்றவர்."

அவர் நோட்டை மூடினார். பிறகு சுண்டலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. நடந்ததையெல்லாம் வாக்குமூலமாக எழுதச் சொன்னார். நான் வஞ்சனை இல்லாமல் நாலு பக்கம் எழுதினேன், அமெரிக்க ஃபேஷன் உள்பட. கூடுகள் கிளப்பின் கணக்கில் சேர வேண்டியவை, உடனே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றபடி வேலியிலிருந்து ஒன்றைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"தொடாதேள்" என்றாள் அம்மா.

"அம்மா, இது சட்டப்படி..."

"கொலு வெச்சாச்சு. விஜயதசமிக்கு முன்னாடி ஒரு பொம்மையை நகர்த்தப்படாது. அம்பாள் உக்காந்திண்டிருக்கா. உங்காத்துல கொலு உண்டோ?"

"இருக்கு" என்று ஒப்புக்கொண்டார் சப் இன்ஸ்பெக்டர். "வீட்ல வைப்பாங்க."

"அவாளைக் கேளுங்கோ, நடுவுல கலைக்கலாமான்னு."

வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், விஜயதசமிக்கு மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகவும், அதுவரை தினமும் ஒரு கான்ஸ்டபிள் வந்து எண்ணிக்கையைச் சரிபார்ப்பார் என்றும் முடிவானது.

மறுநாள் சாயங்காலமே கான்ஸ்டபிள் யூனிஃபார்மில் வந்தார். குனிந்து, விரலால் தொடாமல், ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். இருநூறை நெருங்கும்போது ஒரு மாமி மேல் ஸ்தாயிக்குப் போனார், கணக்கு தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து. தினமும் இப்படியே. நாலாம் தடவை அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் சாந்தோம் சர்ச் பக்கம், கொலுவையே பார்த்ததில்லையாம். "போலீஸ்காரர் வீட்டு வேலி மாதிரி பாந்தமா இருக்கு" என்றார். சரஸ்வதி பூஜை அன்று, எழுதுவது எல்லாம் பூஜையில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா கான்ஸ்டபிளின் கணக்கு நோட்டையே வாங்கிப் புத்தக அடுக்கில் வைத்துச் சந்தனம் இட்டுவிட்டாள். அன்றைக்கு எண்ணியதை அவரால் எழுத முடியவில்லை. விஜயதசமிக்கு மறுநாள் நானூற்று முப்பதும், என் டப்பாவிலிருந்த பத்தும் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தன. (மீதி இரண்டில் ஒன்று ஏழுமலையிடம். இன்னொன்றை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.) நாலு கூடுகளில் கடுகுச் செடி இருந்தது. செயலாளர் அதைப் பார்த்துவிட்டு என்னை ஆறு மாதம் விலக்கிவைத்தார்.

தேர்வு போயிற்று. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். லைசென்ஸாவது வரும் என்று ஒரு நம்பிக்கை. சப் இன்ஸ்பெக்டர் என்னை நம்பிவிட்டார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தை மாதம் பதில் வந்தது. நம்பித்தான் இருந்தார். 'விண்ணப்பதாரரின் நன்னடத்தை குறித்து ஐயம் ஏதுமில்லை. எனினும், தோட்டாவின் அடிப்படை அமைப்பு பற்றிக்கூட அவருக்குப் போதிய அறிவு இல்லை என்பது அவரே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தால் ஐயமற விளங்குவதால், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' கீழே கையெழுத்து, ஊதா முத்திரை.

நான் கிழிக்கப் போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டு போய் ஜாதக நோட்டுக்குள் வைத்தாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த வருஷம் அடையாறிலிருந்து ஒரு வரன் வந்தது. எல்லாம் பொருந்தி, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு முடித்த பிறகு, பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பொண்ணு ஏதோ துப்பாக்கி எல்லாம் சுடுவாளாமே? போலீஸெல்லாம் வந்துதாமே?"

அம்மா அசரவில்லை. உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்து வந்து பிள்ளையின் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே வாசிச்சுப் பாருங்கோ. நன்னடத்தைக்குக் குறைவில்லை, ஆனா அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கவர்ன்மென்ட்டே எழுதி முத்திரை போட்டுக் குடுத்திருக்கா."

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்து, "நாலு மூலையிலயும் கடுகு முளைச்சது நிஜமா?" என்று கேட்டார். மயிலாப்பூரில் எந்தச் சேதி எத்தனை தூரம் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவரோடு கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இரண்டாவது மனுவில் லைசென்ஸும் கிடைத்தது, ஒரு மெடல்கூட வாங்கினேன். அதை மாட்ட ஆணி அடிக்க இன்றுவரை அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கடிதத்தை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருமான வரியோ, வாழைக்காய்ப் பொரியலோ, எதிலாவது நான் அடித்துப் பேசினால் அவர் வாதாடுவதே இல்லை. சுவரைப் பார்த்து ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். உடனே மகள் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"அம்மா, ஐயமற விளங்கிடுத்து."